கிளப் சுவரில் கொம்பு வளர்த்த கதை

என் அக்காவின் மகன் இப்போது பார்ட்டிகளுக்கு வீஜே செய்கிறான். டிஜே பாட்டுப் போடுவார், வீஜே அதற்குச் சுவரில் படம் விடுவார், தெரியாதவர்களுக்கு அவ்வளவு விளக்கம் போதும். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, நீங்களும் அந்தக் காலத்தில கிளப்பில படம் விட்டனீங்களாமே, அம்மா சொன்னா" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். விட்டேன்தான். 1996 தொடங்கி மூன்று வருஷம், லண்டனில். பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் செட்டில் வேலை, இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை யாரையாவது கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு கிளப். அன்றைக்கு அவனுக்கு வாயால் சொன்னதை எழுதியும் வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சிடி அட்டை. தி ஷேமன் என்று ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் தொடங்கிய ஒரு குழு. முதலில் கிட்டாரோடு இருந்தவர்கள், 1988ஐ ஒட்டி அசிட் ஹவுஸ் என்ற கிளப் ஆட்ட இசையின் அலை வந்தபோது அப்படியே மின்னிசைப் பக்கம் திரும்பி, 1992இல் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் வரைக்கும் போனார்கள். அவர்களுடைய ஆக்சிஸ் மியூட்டேட்டிஸ் என்ற ஆல்பம் 1995இல் வந்தது. பாட்டைக் கேட்டு வாங்கவில்லை, அட்டையைப் பார்த்து வாங்கினேன். அதில் இருந்தது சங்கா, கடல் பூச்சியா, ஆட்டுக்கிடாயின் கொம்பா, யாராவது கடைந்து செய்த பொருளா என்று சொல்ல முடியவில்லை. வெளிச்சம் அதன் மேலே பட்டிருந்த விதத்தைப் பார்த்தால் எடுத்துக் கையில் வைக்கலாம் போல இருந்தது. ஆனால் அப்படி ஒரு பொருள் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்பதும் பார்த்த உடனேயே தெரிந்தது. பெற்றோல் செட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கார்கூட வராது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வில்லியம் லேதம் என்பவருடைய வேலை அது. 1961இல் பிறந்தவர், ஒக்ஸ்போர்டிலும் பிறகு லண்டன் ரோயல் கொலிஜ் ஒஃப் ஆர்ட்டிலும் படித்தவர். கொம்பியூட்டரைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் கொம்பியூட்டர் மாதிரித்தான் வரைந்துகொண்டிருந்தார், எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே இதுதான். கூம்பு, கனசதுரம், கோளம், உருளை என்று சாதாரண உருவங்களை ஒரு பெரிய தாளின் ஒரு பக்கத்தில் வரைவார். பிறகு தனக்குத் தானே சில விதிகளை வைத்துக்கொள்வார்: ஒன்றை வீங்கச் செய், ஒன்றைக் குடை, ஒன்றைச் சீவு, ஒன்றுக்கு மூக்கு வை, ஒன்றை இழு. ஒவ்வொரு விதியும் ஒரு புது உருவத்தைப் பெறும், அந்தப் பிள்ளைக்கும் அதே விதிகள், அதன் பிள்ளைக்கும் அதே. கடைசியில் தாள் முழுக்க ஒரு வம்ச மரம் மாதிரி நிற்கும். ஃபார்ம்சின்த் என்று அதற்குப் பெயர் வைத்தார். எல்லாம் கையால், பென்சிலால்.

1987இல் வின்செஸ்டரில் இருந்த, கொம்பியூட்டர் நிறுவனமான ஐபிஎம்மின் அறிவியல் மையம் இவரை உள்ளே எடுத்தது. அங்கே ஸ்டீவன் டோட் என்ற கணிதக்காரரோடு சேர்ந்து அதே விதிகளை மெயின்ஃபிரேம் என்ற பெரிய கொம்பியூட்டருக்குள் கொண்டுபோனார். உருவத்தை வளர்க்கும் பகுதிக்கு ஃபார்ம்குரோ என்று பெயர், வளர்ந்த உருவத்திலிருந்து பிள்ளைகளை உண்டாக்கும் பகுதிக்கு மியூட்டேட்டர். உயிரியல்காரர் ரிச்சர்ட் டோக்கின்ஸ் 1986இல் காட்டிய பயோமோர்ஃப் என்ற கோட்டுப் பூச்சிகள் இதற்கு முன்னோடி. அவை தட்டையானவை, இவர்களுடையவை முழு உடம்போடு, தோலோடு, நிழலோடு வந்தவை. இருவரும் சேர்ந்து எழுதிய எவலூஷனரி ஆர்ட் அண்ட் கொம்பியூட்டர்ஸ் என்ற புத்தகம் 1992இல் வெளியானது. எங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை. வேறொரு நூலகத்திலிருந்து இரவல் எடுத்துத் தந்தார்கள், மூன்று கிழமை கைவசம் இருந்தது, பாதியை ஃபோட்டோகொப்பி எடுத்துவிட்டேன். இன்னும் இருக்கிறது, மை மங்கிவிட்டது.

அதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது அம்மம்மாவின் தோட்டம். வெள்ளரியோ பீர்க்கோ காய்த்து வரும்போது, பந்தலில் எது நல்ல வடிவாக, நோய் நொடி இல்லாமல் வருகிறது என்று பார்த்து, அதன் காம்பில் ஒரு பழைய சேலைத் துண்டைக் கட்டிவிடுவா. அது விதைக்கு விட்ட காய், ஒருத்தரும் பறிக்கக் கூடாது. மற்றதெல்லாம் கறிக்கு. அவ ஒரு காயைக்கூட உண்டாக்கவில்லை, எது அடுத்த வருஷம் இருக்க வேண்டும் என்று மட்டும் முடிவெடுத்தா. பத்து வருஷத்தில் எங்கள் வளவுப் பீர்க்குக்கு ஊரில் ஒரு பெயர். லேதம் தன்னுடைய வேலையைத் தோட்டக்காரன் வேலை என்றே சொல்லிவந்திருக்கிறார். எனக்கு அந்த ஒப்புமை யாரும் விளக்காமலே விளங்கியது. (1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அந்தப் பந்தலும் போய்விட்டது. அந்த மாதங்களில்தான் நான் இந்தப் புத்தகத்தோடு இருந்தேன். வீட்டிலிருந்து கடிதம் வராத காலம்.)

சரி, இவர் எப்படி கிளப்புக்குள் வந்தார்? ஐபிஎம்மில் இருந்த ஒரு ஓவியரை மியூசியம்காரர்கள் கண்காட்சிக்கு அழைப்பார்கள், கொம்பியூட்டர் கிராஃபிக்ஸ் மாநாடுகளில் படம் காட்டச் சொல்வார்கள், இயல்பான வழி அதுதான். ஆனால் அந்த நேரத்தில் இங்கிலாந்தின் ஆட்டக் கூட்டத்துக்கு இதே பசி இருந்தது. ஒரு பக்கம் இயந்திர இசை, இன்னொரு பக்கம் காடு, பழங்குடி, பரிணாமம் என்று பேச்சு. ஷேமன் பாட்டுகளில் பரிணாமம் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அவர்களில் ஒருவரான கொலின் அங்கஸ், ரொஸ் கிங் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையையே சுரமாக மாற்றினார், அது இந்த ஆல்பத்திலேயே எஸ்2 டிரான்ஸ்லேஷன் என்று ஒரு பாட்டாக இருக்கிறது. புரதத்திலிருந்து இசை எடுக்கிறவர்களும் எண்களிலிருந்து உயிர் மாதிரி ஒன்றை எடுக்கிறவரும் சந்திக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இன்னொன்றும் நடந்தது. 1994இல் வந்த சட்டம் ஒன்று ரேவ் என்ற திறந்தவெளி இரவு ஆட்டக் கூட்டங்களைக் கலைக்கப் பொலிசுக்கு அதிகாரம் கொடுத்தது. திரும்பத் திரும்ப அடிக்கும் தாளம் கொண்ட ஒலி என்று இசைக்கே அதில் ஒரு வரைவிலக்கணம் எழுதியிருந்தார்கள், பறை மேளத்தைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ. வயல்வெளியில் ஆடியவர்கள் அனுமதி உள்ள கிளப்புகளுக்குள் வந்தார்கள். கிளப்புக்குள் சுவர் உண்டு, கரண்ட் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வந்தது அப்படித்தான்.

1990களின் நடுவில் லேதம் கொம்பியூட்டர் ஆர்ட்வர்க்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, ஓர்கானிக் ஆர்ட் என்று வீட்டுப் பிசியில் ஓடும் ஒரு சிடியை விட்டார். நானும் வாங்கினேன். வின்செஸ்டரில் பெரிய இயந்திரத்தில் மணிக்கணக்காகச் செய்ததன் ஒரு சாயல் என் அறை மூலையில் இருந்த பென்டியம் பிசியில் சுழன்றது. அறையில் கூட இருந்த அண்ணை, "என்னடா இது, இறாலா?" என்று கேட்டார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நானே எழுதிப் பார்க்கத் தொடங்கினேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மருமகன் மாதிரி ஆட்களுக்கு இன்றைக்கும் இது வேலை செய்யும், சொஃப்ட்வெயர்தான் மாறியிருக்கிறது.

ஒரு கொம்பு என்பது ஒரே உருண்டையைத் திரும்பத் திரும்ப அடுக்குவதுதான். முதல் உருண்டையை வை. அதன் மேலே இன்னொன்று, ஆனால் 3 பாகை சரித்து, 9 பாகை முறுக்கி, அளவை 0.97 ஆல் பெருக்கி. அதன் மேலே இன்னொன்று, அதே கணக்கு. 40 தடவை செய்தால் மொத்தச் சரிவு 120 பாகை, நுனி உருண்டை அடியில் இருந்ததன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கிடாய்க் கொம்பு வந்துவிட்டது. இப்போது 0.97ஐ மட்டும் 0.90 ஆக்கிப் பாருங்கள், நுனி ஒரு புள்ளியாகி மறைந்துவிடும், கொம்பு போய் முள் வரும். சரிவைக் கூட்டினால் நத்தை. உருண்டைக்குப் பதிலாக ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் கொம்பையே வைத்தால் மட்டத்தேள் (பூரான்) மாதிரி ஒன்று வரும், முதல் தடவை அது திரையில் வந்தபோது நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். மொத்தம் பன்னிரண்டு எண்கள்தான் என்னுடைய புரோகிராமில். அந்தப் பன்னிரண்டும் அதன் மரபணு.

பிறகு திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, நடுவில் தாய், சுற்றி எட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்களைக் கொஞ்சம் அசைத்துவிட வேண்டும். பிடித்ததைத் தட்டினால் அது நடுவுக்கு வரும், புதிதாக எட்டு பிறக்கும். பத்துத் தலைமுறை போனால் எட்டைப் பத்துத் தடவை பெருக்கிய அளவுக்குப் பாதைகள், 107 கோடிக்கும் மேலே. அதில் ஒரு பாதையில்தான் நீங்கள் நடந்திருப்பீர்கள். இதை முதன்முதலில் யோசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் இதில் செய்த பிழைகளைச் சொல்கிறேன். தொடக்கத்தில் அசைவு மிகச் சிறியதாக வைத்தேன், எட்டும் தாய் மாதிரியே இருந்தன, தட்டித் தட்டிக் கை வலித்தது. பெரிதாக்கினால் பிள்ளைக்கும் தாய்க்கும் சம்பந்தமே இல்லை, சூதாட்டம். முதல் ஐந்தாறு தலைமுறைக்குப் பெரிய அசைவு, ஏதாவது ஒன்று கண்ணைப் பிடித்த பிறகு சின்ன அசைவு, அதுதான் சரியாக வந்தது. இரண்டாவது பிழை இதைவிட மோசம். கட்டம் சின்னது, முகத்துக்கும் திரைக்கும் ஒரு முழத் தூரம், அந்த அளவில் நுணுக்கமாக இருப்பதே அழகாகத் தெரியும். அதையே தேர்ந்தெடுத்து வளர்த்தேன். கிளப்பில் நாலு மீற்றர் அகலத்தில், புகைக்கு நடுவே, அந்த நுணுக்கமெல்லாம் சேர்ந்து சாம்பல் நிறக் கஞ்சியானது. அதற்குப் பிறகு வீட்டில் லைட்டை நிறுத்திவிட்டு, அறையின் மறுகோடியில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பேன். அப்படிப் பார்த்தும் உருவக்கோடு தெரிந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் கறிக்கு.

மூன்றாவது, ஒரே ஆள் முப்பது நாற்பது தலைமுறை தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே சாடையில் வந்து நிற்கும். என்னுடையவை எல்லாம் இடப்பக்கம் சுருண்ட கொம்புகளாகவே முடிந்தன, ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. அறை அண்ணையைக் கூப்பிட்டு, "அண்ணை, நீங்கள் ஐந்து தட்டுத் தட்டுங்கோ" என்று விட்டேன். அவருக்குக் கலை கிலை ஒன்றும் கிடையாது, சாப்பிடுகிற பொருள் மாதிரி இருப்பதையே தட்டினார். அதில் வந்த ஒன்று, முருங்கைக்காய்க் கட்டு மாதிரி, கடைசிவரைக்கும் என்னுடைய நல்ல உருவங்களில் ஒன்றாக இருந்தது. அவருடையதையும் என்னுடையதையும் கலந்து, ஒன்றில் ஆறு எண் மற்றதில் ஆறு எண் என்று எடுத்து, கல்யாணமும் செய்துவைத்தேன். லேதமும் டோட்டும் மியூட்டேட்டரில் கல்யாணம் என்ற அதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்.

இனி முதல் இரவு. ஒரு ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த சின்னக் கிளப், பெயர் வேண்டாம். முந்நூறு நானூறு பேர். வாடகைக்கு எடுத்த எல்சிடி புரொஜெக்டர், ஒரு பழைய வீடியோ மிக்ஸர், என் பிசியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தக் காலத்தில் பிசியின் படத்தை மிக்ஸருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஸ்கான் கொன்வேர்ட்டர் வேண்டும். பிசி ஒரு படத்தை முழுதாகக் காட்டும். பால் (PAL) என்ற ரீவி முறையில் ஓடும் வீடியோவோ 625 வரிகளை இரண்டாகப் பிரித்து, ஒற்றை வரிகளை ஒரு தடவை, இரட்டை வரிகளை அடுத்த தடவை என்று நொடிக்கு 50 அரைப் படமாகக் காட்டும். ஒரு புள்ளி தடிப்பில் கிடைக்கோடு போட்டிருந்தால் அது ஒரு பாதியில் மட்டும் வரும், நொடிக்கு 25 தடவை துடிக்கும். நான் என் உருவங்களுக்குப் பின்னால் அழகுக்கு ஒரு மெல்லிய கட்டத்தளம் போட்டிருந்தேன். சுவர் முழுக்கப் பழைய டியூப்லைட் மாதிரித் துடித்தது. தளத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன்.

அப்படி எடுத்ததும் நல்லதுக்கே முடிந்தது. பின்னணி வெறும் கறுப்பாகிவிட்டது. லேதமின் ஐபிஎம் காலப் படங்கள் பலவற்றில் உருவம் கறுப்பில் தனியாக மிதக்கும், கீழே தரை கிடையாது. அது ஏன் கிளப்புக்கு இவ்வளவு பொருந்துகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். புரொஜெக்டரில் கறுப்பு என்றால் வெளிச்சம் குறைவு, வேறொன்றும் இல்லை. படத்தின் நாலு மூலையும் இருட்டோடு கரைந்துபோகும், சதுரமான திரை என்ற ஒன்று காணாமல் போகும், புகை இயந்திரம் ஊதும்போது கொம்பு மட்டும் காற்றில் தொங்கும். எத்தனை விலையில் புரொஜெக்டர் எடுத்தாலும் படத்துக்கு ஒரு சட்டம் தெரிந்தால் அது சுவரில் மாட்டிய ரீவிதான். இன்றைக்கு எல்ஈடி சுவர்களில் இந்தச் சிக்கல் இல்லை, கறுப்பு உண்மையாகவே கறுப்பு. ஆனால் மருமகன் அதில் மூலைக்கு மூலை நிறம் நிரப்பிவைக்கிறான். சொல்லிப் பார்த்தேன்.

தாளத்துக்கு வருவோம். முதல் மாதங்களில் ஒவ்வொரு அடிக்கும் படம் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஒலியைக் கேட்டுத் தானாகத் தாளம் பிடிக்கிற வசதியெல்லாம் என்னிடம் இல்லை, ஸ்பேஸ்பாரை விரலால் தட்டுவேன், தட்டும்போதெல்லாம் கொம்பு ஒரு தடவை வீங்கும். 128 பீபிஎம் பாட்டென்றால் நிமிஷத்துக்கு 128 தட்டு. ஒரு இரவு மூன்று மணிநேரம் தட்டிவிட்டுப் பொறுக்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடினேன், வெளியே வந்தால் அங்கே ஒரு வரிசை, பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கொம்பு தன்பாட்டில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது, ஆடுகிறவர்கள் முன்பைவிட அதிகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிஜே ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "இப்போது என்ன மாற்றினாய், நன்றாயிருக்கிறது" என்றார். தட்டுவதை நிறுத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

யோசித்தால் காரணம் எளிது. அடியை உடம்பு ஏற்கனவே பிடித்துக்கொண்டிருக்கிறது, கண்ணுக்கும் அதையே கொடுத்தால் அலுக்கும். இந்த இசையில் பெரிய மாற்றங்கள் பதினாறு, முப்பத்திரண்டு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) என்ற கணக்கில் வரும். 128 பீபிஎம்மில் நாலடிப் பார் 16 என்றால் சரியாக 30 நொடி, 32 என்றால் ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு நான் ஒரு உருவம் இன்னொன்றாக மாற ஒரு நிமிஷம் எடுக்கும்படி வைத்தேன். தாயின் பன்னிரண்டு எண்களிலிருந்து அடுத்ததன் பன்னிரண்டு எண்களுக்கு மெல்ல நகர்த்துவதுதான் அது. மாற்றத்தை நேரே ஒருவரும் காண மாட்டார்கள், குடிக்க ஏதாவது வாங்கப் போய்த் திரும்பி வந்தால் சுவரில் வேறொரு பிராணி இருக்கும். அடிக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் விட்டேன், வெளிச்சத்தின் அளவு, அதுவும் ஐந்து வீதத்துக்கு மேலே அசையாமல்.

இந்த நகர்த்தலில் ஒரு குழி இருக்கிறது, எல்லாரும் ஒரு தடவை விழுவார்கள். ஒரு கோணம் 350 பாகையிலிருந்து 10 பாகைக்குப் போக வேண்டும். கண்ணுக்கு அது 20 பாகைத் தூரம். கொம்பியூட்டருக்கோ 350ஐக் குறைத்துக் குறைத்து 10க்கு வர வேண்டும், அதாவது 340 பாகை பின்னோக்கிச் சுற்றும். என் அழகான கொம்பு நடுவழியில் ரொட்டிக்கடை மிக்ஸர் மாதிரித் தன்னைத் தானே பிசைந்தது, அதுவும் பாட்டு அடங்கி எல்லாரும் சுவரைப் பார்க்கிற நேரத்தில். குறுக்கு வழி எது என்று முதலில் கணக்குப் போட்டு அந்தப் பக்கம் போகச் சொல்ல வேண்டும். இரண்டு நல்ல உருவங்களுக்கு நடுவில் வருவதும் நல்லதாக இருக்கும் என்று நம்பவும் கூடாது. வீட்டில் ஒவ்வொரு சோடியையும் ஓடவிட்டுப் பார்த்து, நடுவில் கோணலாவதைக் குறித்து நீக்கினேன். கிளப்பில் புதிதாக ஒன்றும் வளர்க்க மாட்டேன். இருபது தாய் உருவங்களை ஒரு பிளொப்பியில் கொண்டுபோவேன், அங்கே செய்வது எது எதுவாக மாற வேண்டும் என்று சொல்வது மட்டும்.

பிளொப்பி என்றதும் இன்னொன்று. 1997இல் என் ஹார்ட்டிஸ்க் போய்விட்டது. ஒரு வருஷத்து உருவங்கள், மணிக்கணக்கில் வடித்த அசையும் படங்கள், எல்லாம். படங்கள் போனதற்கு நான் அழவில்லை, பன்னிரண்டு எண் இருந்தால் எந்தப் படத்தையும் திரும்ப வடிக்கலாம். எண்களைத்தான் எழுதிவைக்கவில்லை. ஒரு உருவத்துக்கு ஒரு வரி, இருநூறு உருவத்தை ஒரு கொப்பியில் பேனாவால் எழுதியிருக்கலாம், செய்யவில்லை. இப்போது சீட் (seed, விதை) எண் என்று சொல்கிறார்கள், அதே சங்கதிதான்: அதைப் படத்தின் பெயரிலேயே போட்டுவையுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள்.

இனிச் சொல்லப்போவதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். ஒரு இரவு டிஜே கேட்டார் என்று சிவப்பையும் வெள்ளையையும் வேகமாக மாற்றி மாற்றி அடித்தேன், நொடிக்குப் பத்துத் தடவையாவது இருக்கும். ஒரு பெண் பிள்ளை முன்வரிசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலிப்பு வரவில்லை, வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தாள். மேலாளர் என் பிளக்கைப் பிடுங்கினார், அவர் செய்தது சரி. விட்டு விட்டு மின்னும் கிளப் ஸ்ட்ரோப் லைட்டுகள் நொடிக்கு நாலு தடவைக்கு மேலே அடிக்கக் கூடாது என்று இங்கே வழிகாட்டுதல் இருந்தது, ரீவிக்காரர்கள் மூன்றுக்கு மேலே போகமாட்டார்கள். சுவர்ப்படமும் ஒரு ஸ்ட்ரோப்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. அடுத்து 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமொன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறக்குறைய 12 தடவை மாறியதில் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி வந்தபோது எனக்குக் கை கால் குளிர்ந்தது. அடர்ந்த சிவப்பு இதில் மற்ற நிறங்களைவிட ஆபத்து. இன்றைய எல்ஈடி சுவர் என் பழைய புரொஜெக்டரைவிடப் பல மடங்கு பிரகாசம், ஆகவே மருமகனே, பெரிய பரப்பை நொடிக்கு மூன்று தடவைக்கு மேலே அடிக்காதே, டிஜே கேட்டாலும் அடிக்காதே.

1999இல் வேலை கிடைத்தது, கல்யாணம் வந்தது, கிளப் நின்றது. லேதமின் நிறுவனம் விளையாட்டுப் பக்கம் போனது. 2000இல் எவோல்வா என்று பரிணாமத்தையே விளையாட்டாக்கிய ஒன்று, 2002இல் த திங், 2003இல் நிறுவனம் மூடப்பட்டது. 2007இல் அவர் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். டோட்டோடு சேர்ந்தே மியூட்டேட்டரை விஆர் என்ற மெய்நிகர் உலகம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள், ஹெட்செட் போட்டுக்கொண்டு உள்ளே நின்றால் கையை அசைக்க அசைக்க உருவங்கள் பக்கத்தில் வந்து மாறும். மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் இருபது நிமிஷம் கழற்ற மறுத்தாள், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். எனக்கு ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றியது. ஆனால் முதல் கணம், அந்தக் கொம்பு கண்ணுக்கு முன்னால் தன்னைத் தானே விரித்தபோது, கை தானாக நீண்டுவிட்டது. சிடி அட்டையில் எடுக்க முடியாமல் போனதை எடுக்கப் போனேன்போல.

என்னுடையவற்றில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வீஎச்எஸ் கசெற். பிந்திய ஒரு இரவில் மிக்ஸரிலிருந்து நேரே பதிந்தது. மருமகன் அதைக் கொண்டுபோய் டிஜிட்டலாக மாற்றிக்கொண்டு வந்தான். 41 நிமிஷம், நிறம் வெளுத்திருக்கிறது, ஓரத்தில் கோடுகள். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முருங்கைக்காய்க் கட்டு வந்தது, மெதுவாகச் சங்கானது, சங்கு மட்டத்தேளானது. நடுவில், 41 நிமிஷமும், அசையாமல், ஒரு சின்ன வெள்ளை அம்புக்குறி. மௌசை ஓரத்துக்குத் தள்ள நான் அன்றைக்கு மறந்திருக்கிறேன். நானூறு பேர் அதைப் பார்த்து ஆடியிருக்கிறார்கள்.

"மாமா, இந்த அம்பு டிசைனா?" என்று கேட்டான்.

ஓம் என்றேன்.